குரலாக இருந்த நான் இப்போது யார்? அறுபது வயதில் ஒரு கேள்வி

காவிரிக்கரை_65 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக மனதில் கிடக்கிற ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடை. மருமகளுடன் வெண்கலப் பானை பார்க்கப் போயிருந்தேன். அவளுக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டாள். கடைப் பையன் விலை சொல்ல வாயெடுத்தான். நான் அவனிடம், "ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க" என்றேன். தானாக வாயில் வந்துவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும். அவர் தலையைத் தூக்கினார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அதை இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன்.

"டிரங்க் எக்ஸ்சேஞ்ச்தானே நீங்க? ராத்திரி டியூட்டியில இருப்பீங்க."

ஆமாம், வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவள் நான். ஆனால் எனக்கு அவரைத் தெரியவில்லை. அவர் தன்னுடைய பழைய போன் நம்பரைச் சொன்னார். உடனே தெரிந்துவிட்டது. மொராதாபாத்துக்கும் பம்பாய்க்கும் தினமும் கால் புக் பண்ணுகிற பாத்திரக் கடைக்காரர். வருடக்கணக்காக அவர் குரலைக் கேட்டிருக்கிறேன். முகத்தை அன்றுதான் பார்த்தேன். அவர் மகளுக்கு மெட்ராஸில் பிரசவம் சிக்கலான ஒரு இரவில், லைன் அறுந்து அறுந்து போக, நான் திருச்சி வழியாக, அப்புறம் வேறொரு வழியாக என்று மாற்றி மாற்றி விடியும்வரை இணைத்துக் கொடுத்தேனாம். "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்கன்னு எனக்கு முன்னாடி உங்களுக்குத்தாம்மா தெரியும்" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ அந்த இரவு கொஞ்சமும் நினைவில் இல்லை. அந்த மாதிரி எத்தனையோ இரவுகள்.

ஆட்டோவில் வரும்போது மருமகள், "யார் அத்தை அவர்?" என்று கேட்டாள். "தெரிஞ்சவர்" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவர் எனக்கு யார்? அதைவிட, அவருக்குத் தெரிந்த அந்தப் பெண் எனக்கு யார்?

நான் 1986-ல் இருபத்தோரு வயதில் டெலிபோன் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். தலையில் ஹெட்செட், முன்னால் வயரைச் செருகி லைன் இணைக்கிற போர்டு, கையில் புக் ஆன காலைக் குறித்துவைக்கிற டிக்கெட். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகைக் கால். லைட்னிங் என்றால் எட்டு மடங்கு கட்டணம். சாவு, விபத்து, பிரசவம் என்றால்தான் அதைக் கேட்பார்கள். மூன்று நிமிஷம் முடிந்ததும் நாங்கள் குறுக்கே வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" என்று கேட்க வேண்டும். அழுதுகொண்டிருப்பவர்களிடமும் கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்பதுதான் எங்கள் வேலையின் நுணுக்கமே. எங்களை மேற்பார்த்த மானிட்டர் அம்மா முதல் மாதமே சொல்லிவிட்டார்: "உன் முகத்த யாரும் பாக்கப்போறதில்ல. உன் குரல்தான் நீ." அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஆப்பரேட்டர் இல்லாமல் நேராக வெளியூருக்கு டயல் பண்ணுகிற எஸ்.டி.டி. எல்லா இடத்துக்கும் வந்தது, போர்டு போனது. எங்கள் பதவிக்கு வேறு பெயர் வைத்தார்கள். 2000 அக்டோபரில் துறை பி.எஸ்.என்.எல். ஆனது. நான் புகார் பிரிவுக்கும் பிறகு வாடிக்கையாளர் சேவை மையத்துக்கும் மாறினேன். அங்கேயும் பேச்சுதான் வேலை. 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருத்தி. நானே யோசித்து, கையெழுத்துப் போட்டுத்தான் வந்தேன். அதில் வருத்தமில்லை.

என் வீட்டுக்காரர் தமிழாசிரியர். 2018-ல் ஓய்வு பெற்றார். இன்றைக்கும் தெருவில் இறங்கினால் "ஐயா வணக்கம்" என்று நாலு பேராவது சைக்கிளை விட்டு இறங்குகிறார்கள். அவருக்கு ஓய்வு என்பது சம்பளம் பென்ஷனாக மாறியது மட்டும்தான். ஆள் மாறவில்லை. எனக்கு அப்படி இல்லை. என்னிடம் பேசிய ஆயிரக்கணக்கான பேர் இதே ஊரில் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்றால்கூட யாருக்கும் என்னைத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல், மாதவிடாய் நின்ற பிறகு, என் குரல் இறங்கிவிட்டது. தொண்டை டாக்டரிடம் காட்டினேன். ஹார்மோன் குறையும்போது குரல் நாண் தடித்துக் கனமாகும், அதனால் சில பெண்களுக்குக் குரல் கட்டையாகும், நோய் இல்லை, பயப்படாதீர்கள் என்றார். சரி. ஆனால் இப்போது பார்சல் கொண்டுவருகிற பிள்ளைகள் போனில் என்னை "சார்" என்கிறார்கள். "சார், வீடு எங்க சார்?" முதல்முறை அதைக் கேட்டபோது போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். குரல்தான் நீ என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அந்தக் குரலே இப்போது வேறு யாருடையதாகவோ இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் வேறு மாதிரியாகக் கேட்டுப் பார்த்தேன், என் வயசுப் பெண்ணுக்குத் தமிழில் என்ன பெயர் என்று. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழையும் சொன்னார். ஐந்து வயதில் தொடங்குகிற கணக்கு நாற்பதோடு முடிந்துவிடுகிறது. "அதுக்கு மேல?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாட்டியல் இலக்கணம் எழுதினவங்க அதோட நிறுத்திட்டாங்க" என்றார். ஆண்களுக்கு முதுமகன் என்று கடைசியில் ஒரு பெயராவது இருக்கிறதாம்.

நான் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த அதே பிப்ரவரியில் அவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அவர் பிறந்த விகாரி வருடம் திரும்பி வந்ததைக் கொண்டாடினோம். நான் பிறந்தது விசுவாவசு. அது 2025 சித்திரையில்தான் திரும்பி வந்தது. பெண்ணுக்கு அதற்கென்று தனியாக ஒரு சடங்கு நம் பக்கம் இல்லை. எனக்கு யாரும் மாலை போட வேண்டாம். ஒரு சுற்று முடிந்து திரும்பி வந்து நிற்பவள் அதே ஆள்தானா என்று மட்டும் தெரிய வேண்டும்.

கோவிலுக்குப் போங்கள், பேரனோடு விளையாடுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டையும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஐம்பதுக்கு மேல் உங்களுக்கும் இப்படி ஆனதா? பழைய உங்களுக்கும் இப்போதைய உங்களுக்கும் நடுவே எதைப் பிடித்துக்கொண்டீர்கள்?


பட்டுக்கோட்டை_ஜாயின்டர்:

அக்கா, வணக்கம். நானும் அதே 31-01-2020 ஆள்தான். கேபிள் ஜாயின்டர். நீங்கள் மேலே உட்கார்ந்து இணைத்த லைனுக்கு மண்ணுக்கடியில் குழியில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டவன். நீங்களாவது குரல். எங்களைப் பார்ப்பவர்களுக்குக் குழிக்கு மேலே ஒரு முதுகு மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்து ஒரு வருடம் காலையில் எழுந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு தெருவோரம் லைன்கள் பிரிகிற பில்லர் பெட்டிப் பக்கமாகப் போய்விட்டு வருவேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் டீ வாங்கப் போவதாகச் சொல்வேன்.

2018 நவம்பர் கஜா புயலில் எங்கள் பக்கத்துத் தென்னை மொத்தமும் சாய்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தோப்பும் போனது. அப்போது நான் கம்பமும் கேபிளுமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். சொந்தத் தோப்பைப் போய்ப் பார்க்கவே பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகுதான் கன்று வைத்தேன். ஒருநாள் வேலியோரம் பாத்தி எடுக்கும்போது மண்வெட்டி எதிலோ பட்டது. பழைய ஜெல்லி கேபிள். செத்த லைன். உட்கார்ந்து உறையைக் கீறிப் பார்த்தேன். வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, வெள்ளை-பழுப்பு, வெள்ளை-சாம்பல், அப்புறம் சிவப்பு-நீலம் என்று கை அதுபாட்டுக்கு வரிசையாகப் பிரித்துக்கொண்டே போகிறது. எல்லா ஜோடியையும் எண்ணி முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். வெயில் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து பில்லர் பக்கம் போவதில்லை. எனக்குள் இருந்த ஜாயின்டர் எங்கேயும் போகவில்லை, இந்தக் கையில்தான் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அக்கா, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் கை அதே கை. உங்களுக்குக் கருவியே மாறிவிட்டது என்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன்.


பூவாத்தாள்_கொடுமுடி:

அக்கா, நான் போனில் பேசிப் பதிகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கோணுமுங்க. எனக்கு ஐம்பத்திரண்டு. உங்களுக்கு நேர் எதிர்க்கதை என்னுது.

கல்யாணம் ஆகி வந்ததில் இருந்து என் பேரை யாரும் கூப்பிட்டதில்லீங்க. முதலில் இன்னார் மருமக. அப்புறம் செந்தில் அம்மா. மளிகைக் கடை நோட்டில்கூட செந்தில் அம்மா என்றுதான் கணக்கு. ரேசன் கார்டில் பேர் இருக்கும், அதை யார் படித்துக் கூப்பிடுகிறார்கள்?

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தது. அதற்காக பேங்கில் என் பேரில் தனிக் கணக்கு. பாஸ்புக் வாங்கப் போயிருந்தேன். உள்ளே இருந்து ஒரு பிள்ளை, "பூவாத்தாள்! பூவாத்தாள் யாருங்க?" என்று கூப்பிடுகிறது. நானும் எல்லோரையும் போலத் திரும்பிப் பார்க்கிறேன், யாரு அது என்று. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் உறைத்தது. கால் நடுங்கிவிட்டதுங்க.

அந்தப் பணத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூன்று மாதம் சேர்த்து ஒரு கண்ணாடி வாங்கினேன், படிக்கிற கண்ணாடி. அஞ்சாவது வரைக்கும் படித்தவள். இப்போது தினம் பேப்பர் படிக்கிறேன். செந்தில் அம்மாவுக்குப் பேப்பர் படிக்கப் பிடிக்கும் என்று யாருக்குமே தெரியாது, எனக்கும் தெரியாது.

உங்களுக்கு ஒன்று போச்சு, எனக்கு ஒன்று வந்துச்சு. ரெண்டுமே பயமாத்தான் இருக்குதுங்க அக்கா. இத்தனை நாள் எங்கே இருந்தாள் இவள் என்று ராத்திரியில் நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன்.


மதுரை_பழைய_வாத்தியார்:

அம்மா, கல்லூரியில் உளவியல் நடத்தியவன் என்ற உரிமையில் இரண்டு செய்தி மட்டும் சொல்கிறேன்.

'அடையாள நெருக்கடி' என்ற கருத்தைப் பரப்பியவர் எரிக் எரிக்சன். 1902-ல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். தன்னைப் பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. வளர்ப்புத் தந்தையின் ஹோம்பர்கர் என்ற பெயரோடு வளர்ந்து, 1939-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது எரிக்சன் என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. இந்தக் கேள்வியை அவர் புத்தகத்தில் இருந்து எடுக்கவில்லை என்று வகுப்பில் சொல்வேன்.

மனித வாழ்வை அவர் எட்டுக் கட்டமாகப் பிரித்தார். நடுவயதில் ஒருவர் தான் உண்டாக்கியதையும் அடுத்த தலைமுறையையும் பேணுவதில் நிலைகொள்கிறார், இல்லாவிட்டால் தேங்கிப்போகிறார் என்பது அவர் கணிப்பு. கடைசிக் கட்டம், வாழ்ந்ததை முழுதாகச் சேர்த்துப் பார்த்து ஏற்றுக்கொள்வது. 1994-ல் அவர் இறந்த பிறகு, தொண்ணூறைத் தாண்டிய அவர் மனைவி ஜோன், இது போதாது என்று ஒன்பதாவதாக ஒரு கட்டத்தை எழுதிச் சேர்த்தார். உடம்பே கைவிடத் தொடங்கும் காலத்தில் பழைய கேள்விகள் எல்லாம் திரும்பி வருகின்றன என்றார். தானே அந்த வயதுக்கு வந்த பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது.

உங்கள் ஏழு பருவமும் நாற்பதோடு நிற்கிறது என்று படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. எட்டாவதை யாராவது எழுத வேண்டும். அது நானாக இருக்க முடியாது.


ஒலிவழி:

அம்மா, நான் சென்னையில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். இருபத்து நான்கு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. உங்கள் பதிவை என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருள் வாசிக்கக் கேட்டேன். வயது சம்பந்தமாக நான் சொல்ல ஒன்றுமில்லை. குரல் சம்பந்தமாகச் சொல்ல இருக்கிறது.

எனக்கு எல்லோருமே குரல்தான். நாங்கள் ஆளை அடையாளம் வைப்பது குரல் கட்டையா மெல்லிசா என்பதை வைத்து இல்லை. அது ஒரு சளி பிடித்தாலே மாறிவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக இருக்கும். என் தம்பிக்குப் பதினான்கு வயதில் குரல் உடைந்தது. ஒரு நாள்கூட அவனை வேறு ஆள் என்று நான் நினைத்ததில்லை. ஒருவர் பேச ஆரம்பிக்கும் முன் மூச்சை எப்படி எடுக்கிறார், எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கிறார், எந்த எழுத்தை அழுத்துகிறார், வாக்கியத்தை எங்கே இறக்கி வைக்கிறார் என்பதைத்தான் கேட்போம். அது அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. அந்தக் கடைக்காரர் கேட்டதும் அதைத்தான். இல்லாவிட்டால் இறங்கிப்போன குரலில் உங்களை அவர் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? இன்னொரு தடவை சொல்லச் சொன்னதும் அதற்குத்தான். கண்ணை மூடிக்கொண்டதும் அதற்குத்தான்.

தவறாக எடுத்துக்கொள்ளாவிட்டால் ஓர் உதவி கேட்கிறேன். எங்களுக்கு வேண்டிய உரைநூல்கள் பல பழைய பதிப்பைப் படம் பிடித்த கோப்பாகத்தான் கிடைக்கின்றன. என் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், ஓர் எழுத்துகூட வாசிக்காது. யாராவது வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால்தான் உண்டு. நண்பர்கள் நாலு பக்கம் வாசிப்பார்கள், அப்புறம் அவர்களுக்கும் தேர்வு வந்துவிடும். உங்களுக்கு நேரம் இருந்தால் சொல்லுங்கள்.


காவிரிக்கரை_65 (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

பட்டுக்கோட்டைத் தம்பி, உங்கள் வெள்ளை-நீலத்தைப் படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் லைன் கிடைக்கவில்லை என்று புகார் எழுதி அனுப்பும்போது குழியில் உட்கார்ந்திருந்தது உங்களைப் போன்றவர்கள் என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை. பூவாத்தாள், உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர். ஐயா, எட்டாவதை எழுதும் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்காரரிடம் உங்கள் செய்தியைப் படித்துக் காட்டினேன், ஜோன் அம்மாவின் வயதைக் கேட்டு அசந்துவிட்டார்.

ஒலிவழித் தம்பிக்கு அன்று இரவே சரி என்று செய்தி அனுப்பினேன். அவர் கேட்டது புறநானூற்று உரையில் முப்பது பக்கம். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சந்தி பிரித்துக் கொடுக்க, நான் வாசித்தேன். முதல் பதிவை அனுப்பியதும் பதில் வந்தது: "அம்மா, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கிறது. ஆனால் நம்பர் சொல்வது மாதிரி வாசிக்கிறீர்கள். எல்லாச் சொல்லுக்கும் ஒரே இடைவெளி விடுகிறீர்கள். கொஞ்சம் மெதுவாக, பொருள் பார்த்து நிறுத்துங்கள்."

அதைப் படித்ததும் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வருடத்தில் என் பேச்சை இவ்வளவு கூர்ந்து கேட்டவர் மானிட்டர் அம்மாவுக்குப் பிறகு இந்தப் பிள்ளைதான். குரல் கட்டையாக இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே கேட்டேன். "ஆமாம், கட்டைதான். அதுக்கென்னம்மா, உரை வாசிக்க அது நல்லது" என்றார்.

இரண்டாவது வாரம் 243-ஆம் பாட்டு வந்தது. ஒரு கிழவர், இளவயதில் மருத மரக் கிளையில் ஏறி மடுவுக்குள் குதித்து அடியில் இருந்து மணலை அள்ளி வந்ததை நினைத்துப் பார்க்கிறார். இப்போது இருமலுக்கு நடுவே சில சொல்தான் வருகிறது, கையில் தடி. பாடியவர் பெயர் தொடித்தலை விழுத்தண்டினார். அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை, சொந்தப் பெயர் கிடைக்கவில்லை, அவர் ஊன்றிய பூண்போட்ட தடியைச் சொன்ன வரியே அவருக்குப் பெயராகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். பாட்டு முழுக்க இளமையைப் பற்றி. பெயரோ தடியின் பெயர். நான் பதிவை நிறுத்திவிட்டேன். அவர், "என்ன ஆச்சு, தண்ணி வேணுமா?" என்றார். கொஞ்சம் வேண்டும் என்றேன்.

அன்றைக்குத்தான் பார்சல் பிள்ளைகள் "சார்" என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீ முதல்ல மூச்சை எடுத்துட்டுத்தான் பேச ஆரம்பிப்ப. பொண்ணு பாக்க வந்தப்பவே கவனிச்சேன். இன்னும் அப்படித்தான்" என்றார். முப்பத்தாறு வருடமாக இதை அவர் என்னிடம் சொன்னதில்லை.

பாத்திரக் கடைக்கு மறுபடி போனேன். பானையை அன்று வாங்காமல் வந்துவிட்டோம். பெரியவர் இல்லை, மதியம்தான் வருவாராம். அவருடைய மகள் கல்லாவில் இருந்தார், முப்பதைத் தாண்டிய மகனுடன். அந்த இரவில் பிறந்தவர் இவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. பானையை வாங்கிக்கொண்டு, பெரியவர் வந்தால் எக்ஸ்சேஞ்சில் இருந்து வந்திருந்தேன் என்று சொல்லச் சொன்னேன்.

243-ஐ நாளைக்குத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். "தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி" என்ற வரிக்கான உரைப்பகுதியில் அவசரப்பட்டுவிட்டேன் என்று தம்பி எழுதியிருக்கிறார்.